எண்ணெய் குடித்த காகிதம்

காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் ஒளியை உள்ளே விடுகிறது. ஒரு வெள்ளைத் தாளை முழுவதும் எண்ணெயில் ஊறவிட்டு, மேலே நிற்கும் மிச்சத்தை ஒற்றி எடுத்துவிட்டால், கடையில் டிரேசிங் பேப்பர் என்றும் பட்டர் பேப்பர் என்றும் கேட்டு வாங்கும் தாளுக்குப் பக்கத்தில் வரும் ஒன்று வீட்டிலேயே கிடைத்துவிடும். அழைப்பிதழின் மேல் போர்த்தும் மெல்லிய தாள், விளக்குக் கூடு, ஆரி வேலைக்குப் படம் எடுக்கும் தாள், பள்ளிக்கூடத்து நிழற்பாவை என்று கைவேலைக்கு அது பல வழியில் உதவும். தேங்காய் எண்ணெய் தடவிய தாளை அட்லசின் மேல் வைத்து இந்திய வரைபடம் வரைந்து பழகியவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் நிறையவே இருக்கிறார்கள். வேலை எளிது. ஆனால் எந்தத் தாள், எந்த எண்ணெய், எவ்வளவு நேரம் என்ற மூன்றில் ஒன்று பிசகினாலும் கையில் மிஞ்சுவது பிசுபிசுத்த, திட்டுத்திட்டான தாள்தான்.

எண்ணெய் பட்ட தாள் தெளிவதை விருதுநகர் மாவட்டத்தில் கண்ணால் பார்க்கச் சோதனைக்கூடம் எதுவும் வேண்டியதில்லை. சாத்தூரை அடுத்த இருக்கன்குடியில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் உள்ள மாரியம்மன் கோயிலுக்கு ஆடி கடைசி வெள்ளியன்று ஊர் ஊராக ஜனம் வந்து சேரும். திரும்பும்போது சாத்தூர் காராச்சேவு வாங்காமல் போகிறவர்கள் குறைவு. செய்தித்தாளில் கட்டிய சேவுப் பொட்டலத்தைக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், எண்ணெய் இறங்கிய இடத்தில் மட்டும் பின்பக்கத்துச் செய்தியின் எழுத்துகள் இடவலம் மாறி இந்தப் பக்கம் தெரியும். (அச்சு மை உணவில் ஏறும் என்பதால் செய்தித்தாளில் தின்பண்டம் பொதிய வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்புத் துறை பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது; பொட்டலம் இன்னும் முழுதாக ஒழிந்தபாடில்லை.) பொட்டலத்தில் தற்செயலாக நடப்பதை, தாள் முழுவதும் சீராக, வேண்டுமென்றே நடத்துவதுதான் இந்தக் கைவேலை. அதற்கு வேண்டிய இரண்டு பொருளுக்கும் இந்த வட்டாரம் பேர்போனது. எண்ணெய் வியாபாரத்துக்கு விருதுநகர், காகிதத்துக்கும் அச்சுக்கும் சிவகாசி. சாத்தூரிலிருந்து இரண்டுமே முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கின்றன.

காகிதம் வெள்ளையாகத் தெரிவதற்குப் பெரும்பகுதி காரணம் அதற்குள் இருக்கும் காற்று. காகிதத்தின் நார் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. சுத்தமான செல்லுலோசுக்கு நிறம் கிடையாது. ஒளியை அது தடுப்பதும் இல்லை. ஆனால் தாளில் நார்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கின்றன; நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள். நகல் எடுக்கும் சாதாரணத் தாளின் கனஅளவில் கிட்டத்தட்ட பாதி வெறும் காற்றுதான். ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் செல்லுலோசுக்குச் சுமார் 1.53; காற்றுக்கு 1. இந்த இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு எல்லையிலும் நேராக விழும் ஒளியில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் திரும்பிவிடும், மீதி வளைந்து போகும். ஒரு தாளின் தடிமனுக்குள் இப்படி எத்தனையோ எல்லைகள். நுழைந்த ஒளி உள்ளேயே முட்டி மோதிச் சிதறி, பெரும்பகுதி வந்த வழியே வெளியேறுகிறது. எல்லா நிறமும் ஒரே அளவில் சிதறுவதால் கண்ணுக்கு அது வெள்ளை.

சமையல் எண்ணெய்களின் ஒளிவிலகல் எண் பெரும்பாலும் 1.45-க்கும் 1.48-க்கும் இடையில் இருக்கும். காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்துவிட்டால், நாருக்கும் அதைச் சுற்றியுள்ள பொருளுக்கும் இடையிலான வித்தியாசம் மிகவும் சுருங்கிவிடும். 1.47 என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஓர் எல்லையில் திரும்பும் ஒளி 0.04 சதவீதம், அதாவது முன்பு திரும்பியதில் நூறில் ஒரு பங்கு. மீதி நேராகப் போகிறது. தண்ணீரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அதன் எண் 1.33 என்பதால் அரை சதவீதம் அளவுக்கு ஒளி திரும்பிக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் நனைந்த தாள் அரைகுறையாக ஒளியை விடுகிறது. தண்ணீருக்கு இன்னும் இரண்டு குறைகள் உண்டு. அது நாரை உப்பவைத்துத் தாளை வலுவிழக்கச் செய்யும். சீக்கிரம் ஆவியாகி, காற்றுக்கு இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். எண்ணெய் நாரை உப்பவைப்பதில்லை, அங்கேயே தங்கிவிடும்.

ஆக, இங்கே முக்கியமான வேலை காற்றை வெளியேற்றுவது. தாளையும் எண்ணெயையும் தேர்ந்தெடுப்பதற்கான விதிகள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

எண்ணெய்ப் பொட்டு வைத்த தாளை மேசையில் வைத்தால் பொட்டு இருட்டாகத் தெரியும். ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் அதே பொட்டு பளிச்சென்று தெரியும். முதலில் ஒளி திரும்பி வராததால் இருட்டு. பிறகு ஒளி கடந்து வருவதால் வெளிச்சம். உணவில் கொழுப்பு இருக்கிறதா என்று பார்க்கப் பள்ளி அறிவியலில் செய்யும் சோதனையும் இதுவே. ஜெர்மானிய வேதியியலாளர் ராபர்ட் புன்சன் இதை வைத்தே ஒளிமானி ஒன்றை அமைத்தார். எண்ணெய்ப் பொட்டு உள்ள தாளின் இரு பக்கமும் இரண்டு விளக்குகளை வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினால், இரு பக்க வெளிச்சமும் சமமாகும் இடத்தில் பொட்டு கண்ணுக்கு மறைந்துபோகும். விளக்குகளின் தூரத்தை அளந்தால் எது எவ்வளவு பிரகாசம் என்று தெரிந்துவிடும். மின்னணுக் கருவிகள் வருவதற்கு முன் விளக்குகளை ஒப்பிட இது நல்ல வழியாக இருந்தது.

எண்ணெய்த் தாள் முழுக் கண்ணாடி ஆகிவிடுவதில்லை. கொஞ்சம் சிதறல் மிச்சம் இருக்கும். அச்சடித்த பக்கத்தின் மேல் ஒட்டி வைத்தால் எழுத்துகளைச் சிரமமில்லாமல் படிக்கலாம். விரற்கடை அளவு தூக்கினாலே எழுத்து கலங்கிவிடும். படம் எடுப்பதற்கு இது குறையல்ல, தாள் எப்படியும் படத்தின் மேல்தான் படிந்திருக்கும். விளக்குக் கூட்டுக்கோ இந்தக் கலக்கம்தான் வேண்டும். உள்ளே எரியும் பல்பு புள்ளியாகக் கண்ணைக் குத்தாமல் தாள் முழுவதும் வெளிச்சம் பரவும்.

ஆலையில் செய்யும் டிரேசிங் பேப்பரில் எண்ணெய் கிடையாது. மரக்கூழை மிக நீண்ட நேரம் அரைத்து, நார்களை நைத்து, இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று படியவைக்கிறார்கள். பட்டர் பேப்பர் என்று பொதுப்பெயரில் விற்பவற்றில் சில இப்படிச் செய்தவை; சிலவற்றைக் கந்தக அமிலத்தில் ஒரு நொடி தோய்த்துக் கழுவி, நாரின் மேற்பரப்பைக் கூழாக்கி இடைவெளியை அடைப்பார்கள். வழி எதுவானாலும் குறி ஒன்றே: காற்றுக்கு இடமில்லாமல் செய்வது. ஐரோப்பாவில் இவற்றுக்கெல்லாம் முன்மாதிரியாக இருந்தது கன்றுத் தோலையும் ஆட்டுத் தோலையும் இழுத்துக் கட்டிச் சுரண்டிக் காயவைத்த எழுதுதோல். மொகலாயச் சிற்றோவியக் கூடங்களில் படத்தைப் பிரதி எடுக்க, சர்பா என்ற பெயரில் மெல்லிய மான்தோல் புழங்கியது. தமிழ்நாட்டில் அதன் பங்காளி தோற்பாவை. ஆட்டுத் தோலை மயிர் நீக்கி, விளக்கொளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாக்கி, வெட்டி, வண்ணம் தீட்டித் திரைக்குப் பின்னால் ஆட்டுவது.

முதலில் தாள். பூச்சு ஏதும் இல்லாத, மெல்லிய, ஈரத்தை உறிஞ்சும் தாள் நல்லது. அச்சகத்தார் மேப்லித்தோ என்று சொல்லும் வெள்ளைத் தாளில் 60 அல்லது 70 ஜி.எஸ்.எம். வேலைக்கு உகந்தது. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். நகல் எடுக்கும் 75, 80 ஜி.எஸ்.எம். தாளும் சரிப்படும். காலண்டருக்கும் அட்டைப்படத்துக்கும் போடும் ஆர்ட் பேப்பர் கூடாது. அதன் மேல் களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும் சேர்ந்த பூச்சு இருப்பதால் எண்ணெய் உள்ளே இறங்காமல் வழுக்கி நிற்கும். தாள் வெள்ளையாகவும் அடர்த்தியாகவும் தெரிய ஆலையில் கலக்கும் தூள்களையும் கவனிக்க வேண்டும். சுண்ணாம்பு வகைத் தூளின் ஒளிவிலகல் எண் எண்ணெயிலிருந்து அதிகம் விலகியதில்லை, அதனால் பெரிய தொந்தரவு இல்லை. டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த தாள் அப்படியல்ல. அதன் எண் 2.5-க்கு மேல். எத்தனை எண்ணெய் ஊற்றினாலும் அந்தத் தாள் வெளுத்தேதான் நிற்கும். செய்தித்தாளின் வெற்றுத் தாள் எண்ணெயை ஆசையோடு குடிக்கும். ஆனால் அதில் மரத்தின் லிக்னின் நீங்காமல் இருப்பதால் வெயில் பட்டதும் பழுத்துப்போகும்.

அடுத்தது எண்ணெய். எது கைக்கு அகப்படுகிறதோ அது போதும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் நாள் பார்வைக்கு அது சரிதான். ஒரு மாதம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும். எண்ணெய்களைக் காயாதவை, அரைகுறையாகக் காய்பவை, காய்பவை என்று மூன்றாகப் பிரிக்கலாம். இங்கே காய்வது என்றால் ஆவியாவது அல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, திரவம் கெட்டிப் படலமாக மாறுவது. எண்ணெயின் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நன்றாகக் காயும். அதை அளக்கும் அளவுகோல் அயோடின் எண். தேங்காய் எண்ணெய்க்கு அது 10-ஐ ஒட்டி இருக்கும். கடலை எண்ணெய்க்குச் சுமார் 90 முதல் 100 வரை. நல்லெண்ணெய்க்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். சூரியகாந்தி எண்ணெய்க்கு 120-க்கு மேல். ஆளி விதை எண்ணெய்க்கு 170-க்கு மேல்.

தேங்காய் எண்ணெய் தடவிய தாள் ஒருநாளும் காயாது. தொட்டால் கையில் ஒட்டும், பக்கத்துத் தாளுக்கும் பரவும். ஆனால் மற்ற எண்ணெய்கள்போல அது சீக்கிரம் சிக்கு வாடை அடிப்பதில்லை. ஒருமுறை படம் எடுத்துவிட்டு எறியப்போகும் தாளுக்கு இது போதும். மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்து தாள் கொஞ்சம் மங்கினால், சூடு காட்டினால் தெளிந்துவிடும். கடலை எண்ணெய்த் தாள் சில வாரங்களில் வாடை பிடிக்கும்; நல்லெண்ணெயில் இயல்பாகவே கெடாமல் காக்கும் பொருள்கள் இருப்பதால் அது சற்றுத் தாக்குப்பிடிக்கும். சூரியகாந்தி எண்ணெய் இரண்டுங்கெட்டான். பாதி காய்ந்து, பசைபோல் ஒட்டும் நிலையில் நின்றுவிடும். அதில் தூசி படிந்தால் துடைக்கவும் முடியாது. சமையல் எண்ணெய் எதுவானாலும் எறும்பும் கரப்பானும் தேடி வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட வீட்டுக் கைவேலைக்கு ஏற்றது மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் என்று கிடைக்கும் கனிம எண்ணெய். குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயில்களில் பலவும், தையல் மிஷின் எண்ணெயும் இதே குடும்பம். பெட்ரோலியத்திலிருந்து வருவதால் காயவும் காயாது, கெடவும் கெடாது, வாடையும் அடிக்காது, பூச்சியும் வராது. ஒளிவிலகல் எண்ணும் 1.47-ஐ ஒட்டியே இருக்கிறது. மண்ணெண்ணெய் தனி ரகம். தடவியதும் தாள் தெளியும். படத்தை எடுத்து முடித்துக் காற்றாட விட்டால் ஆவியாகி, தாள் மறுபடி வெள்ளையாகிவிடும். தந்திரம் நல்ல தந்திரம்தான். ஆனால் அந்த ஆவி தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு எரியும் வீட்டுக்குள் செய்யக்கூடிய வேலையல்ல.

செய்முறைக்கு வரலாம். எழுத வேண்டியதையும் வரைய வேண்டியதையும் அச்சடிக்க வேண்டியதையும் முதலிலேயே முடித்துவிட வேண்டும். எண்ணெய் ஊறிய பிறகு தண்ணீர் மை ஒட்டாது. பேனா நிப்புக்குப் பேர்போன சாத்தூரில் செய்த நிப்பானாலும் கோடு திரண்டு முத்து முத்தாக நிற்கும். பென்சில், லேசர் அச்சு, இங்க்ஜெட் அச்சு ஆகியவை எண்ணெயில் கலையாது. பால்பாயிண்ட் பேனாவின் மை மட்டும் எண்ணெயில் கரைந்து ஊதாப் புகைபோல் பரவும்.

ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தில் அல்லது பிளாஸ்டிக் விரிப்பின் மேல் தாளைப் பரப்பி, கைபொறுக்கும் சூட்டில் உள்ள எண்ணெயைப் பஞ்சில் தொட்டு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவ வேண்டும். சூடான எண்ணெய் இளகி இருப்பதால் சீக்கிரம் உள்ளே இறங்கும். எவ்வளவு எண்ணெய் தேவை என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாளின் எடை 5 கிராம். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கனஅளவு சுமார் 6 மில்லி. அதில் பாதி காற்று என்றால் 3 மில்லி எண்ணெய், அதாவது ஒரு தேக்கரண்டியில் பாதிக்குச் சற்று மேல், இருந்தால் போதும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் மேற்பரப்பில் நிற்கும் வீண்தான். ஆனாலும் தடவும்போது கொஞ்சம் தாராளமாகத் தடவிவிட்டுப் பிறகு ஒற்றி எடுப்பதே எளிது. கஞ்சமாகத் தடவினால் திட்டு விழும்.

தடவிய உடனே தாள் தெளிவதில்லை. முதலில் மேகம்போலத் திட்டுகள் தோன்றும். நார் அடர்ந்த இடம் தாமதமாகவும், நெகிழ்ந்த இடம் சீக்கிரமாகவும் குடிப்பதால் அப்படி. ஆலையில் கூழ் எவ்வளவு சீராகப் படிந்தது என்பதை இந்த நேரத்தில் அப்படியே பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தடவினால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் தடவி, எண்ணெய் மறுபக்கம் வந்து தாள் முழுவதும் ஒரே நிறமாகும்வரை பொறுத்து, பிறகு திருப்பித் தடவுவது நல்லது. கால் மணி நேரமோ அரை மணி நேரமோ ஆகலாம். அப்புறமும் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே காற்று மிச்சம் இருக்கிறது என்று பொருள். சற்றே சூடு காட்டினால் போய்விடும்.

மிச்ச எண்ணெயை எடுக்க, பயன்படுத்தாத வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து மேலே புத்தகமோ பலகையோ பாரம் வைக்கலாம். அச்சடித்த செய்தித்தாளை வைத்தால் அதன் மை இதில் ஏறும். அவசரமாக வேண்டுமானால் தாள்களுக்கு நடுவில் வைத்தே, பட்டுத்துணிக்கு வைக்கும் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல் இஸ்திரி போடலாம். விரலால் தேய்த்தால் விரலில் பளபளப்பு ஏறக்கூடாது, அதுவே பதம். சரியாக ஒற்றிய தாள் பழைய எடையைவிட ஏறத்தாழ பாதி கூடியிருக்கும், தூக்கினால் துவண்டு தொங்கும். ஆலையின் டிரேசிங் பேப்பரை மடித்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழும், உடைந்த நார்களுக்கு நடுவில் காற்று புகுவதால். எண்ணெய்த் தாளில் அந்தக் கோடு அவ்வளவாக விழாது, எண்ணெய் ஓடிவந்து இடைவெளியை நிரப்பிவிடும்.

வண்ணம் வேண்டுமானால் எண்ணெயிலேயே ஏற்றலாம். கேசரிப் பவுடர் போன்ற தண்ணீரில் கரையும் சாயம் எண்ணெயில் கரையாமல் அடியில் படிந்துவிடும். மஞ்சள்தூளின் நிறம் எண்ணெயில் கரையும். லேசாகச் சூடாக்கி, துணியில் வடிகட்டித் தடவினால் தாள் எலுமிச்சை மஞ்சளாகும். வெயிலில் வைத்தால் சில நாளில் வெளுக்கும். தலைக்கு எண்ணெய் காய்ச்சும் வீடுகளில் பழக்கமான வேம்பாளம்பட்டையை எண்ணெயில் போட்டு ஊறவைத்தால் அது ஆழ்ந்த சிவப்பை இறக்கும். அந்த எண்ணெய் தடவிய தாளுக்குப் பின்னால் வெளிச்சம் வைத்தால் மாதுளை முத்தின் நிறம்.

எண்ணெய்க்குப் பதில் மெழுகும் வைக்கலாம். மெழுகுவத்தியைச் சீவித் தாளின் மேல் தூவி, இன்னொரு தாளால் மூடி இஸ்திரி போட்டால் உருகி ஊறும். மெழுகுத் தாள் கையில் பிசுக்காது, தண்ணீர் படவிடாது. ஆனால் மடித்தால் வெள்ளைக் கோடு விழும், வெயில் அதிகமானால் இளகும். சிவகாசி வட்டாரத்துக்கு மெழுகும் காகிதமும் சேரும் சேர்க்கை புதிதல்ல. தீப்பெட்டித் தொழிலில் மருந்து ஏற்றும் முன் குச்சியின் நுனியை மெழுகில் தோய்ப்பார்கள், தீ குச்சிக்குத் தாவிப் பிடிக்க. மரக்குச்சி இல்லாமல் மெழுகேற்றிய காகிதத் தண்டிலேயே மருந்து வைத்த மெழுகுத் தீக்குச்சிகளும் இங்கே செய்யப்பட்டு வருகின்றன.

மதுரையின் மிகப் பழைய புகைப்படங்களில் சிலவும் மெழுகேற்றிய காகிதத்தின் வழியாகவே வந்தவை. 1856-இல் சென்னை அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப், மதுரை மீனாட்சி கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் படம் எடுத்து, 1858-இல் தொகுதிகளாக வெளியிட்டார். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது கண்ணாடியல்ல, காகித நெகட்டிவ். சாதாரணக் காகிதத்தின் வழியே வெயிலை விட்டுப் படம் எடுத்தால் நாரின் நிழலெல்லாம் படத்தில் விழும். மெழுகேற்றினால் அது அடங்கும். பாரிசில் குஸ்தாவ் லெ கிரே 1851-இல் வெளியிட்ட முறைப்படி, தாளில் மருந்து ஏற்றுவதற்கு முன்பே மெழுகு ஊட்டி வைத்தால் நாள் கணக்கில் கெடாமல் இருக்கும். மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போகும் புகைப்படக்காரருக்கு அது பெரிய சௌகரியம்.

நிரந்தரமான எண்ணெய்த் தாளுக்கு உலகம் முழுவதும் நாடியது காயும் எண்ணெயைத்தான். 1400-ஐ ஒட்டி இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிய கைவினை நூலில், படத்தைப் பிரதி எடுக்கும் தெளிந்த தாளுக்கு ஆளி விதை எண்ணெயைச் சொல்லியிருக்கிறார். ஜப்பானின் காகிதக் குடைகளுக்கு எகோமா விதை எண்ணெய், சீனக் குடைகளுக்குத் துங் எண்ணெய். கண்ணாடி வாங்க முடியாத அமெரிக்கக் குடியேறிகள் எண்ணெய் பூசிய காகிதத்தை ஜன்னலில் அடித்தார்கள். இங்கே ஆளி விதை எண்ணெய் பெயிண்டுக் கடையில் லின்சீட் ஆயில் என்று கிடைக்கும். டபுள் பாயில்டு என்று எழுதியதில் உலோக உப்பு சேர்ந்திருப்பதால் வெயில் காலத்தில் ஓரிரு நாளில் காயும்; சேராதது வாரக்கணக்கில் இழுக்கும். காய்ந்தபின் தாள் கையில் ஒட்டாது, விறைப்பாக நிற்கும். போகப்போக மஞ்சளிக்கும், பல வருஷத்தில் நொறுங்கும்.

அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பட்டாசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் நடுவில் வாழும் ஊர்க்காரர்கள் அதை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. கொடியில் ஒற்றைத் தாளாகத் தொங்கினால் அந்த வெப்பம் காற்றில் போய்விடும். எண்ணெய் துடைத்த துணியையோ பஞ்சையோ கசக்கி மூலையில் போட்டால் வெப்பம் உள்ளேயே தேங்கும். சூடு ஏற ஏறக் காய்வதும் வேகமெடுக்கும். தீக்குச்சி எதுவும் கிழிக்காமலே சில மணி நேரத்தில் அது தானாகப் பற்றிக்கொள்ளலாம். பெயிண்டு வேலையில் இது எல்லா நாட்டிலும் அறிந்த விபத்து. துடைத்த துணியைத் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும் அல்லது வெட்டவெளியில் விரித்துக் காயவிட வேண்டும். தாள்களையும் காயும்வரை அடுக்கக்கூடாது. தேங்காய் எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் இந்தக் குணம் இல்லை. ஆனால் எந்த எண்ணெய் குடித்த தாளும் தீப்பட்டால் திரிபோல் எரியும். எனவே விளக்குக் கூட்டுக்குள் அகலோ மெழுகுவத்தியோ வைக்கக்கூடாது. சூடேறாத சிறிய எல்.இ.டி. பல்பு போதும்.

அச்சுத் தொழிலில் எண்ணெய்த் தாள் இன்னும் செத்துவிடவில்லை. ஸ்கிரீன் பிரிண்டிங் சட்டத்தில் படத்தை ஏற்ற, ஒளி படும் இடத்தில் கெட்டியாகும் எமல்ஷனைப் பூசி, மேலே கறுப்புப் படம் உள்ள தெளிந்த தாளை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். அந்தத் தாளுக்குப் பாசிட்டிவ் என்று பெயர். ஃபிலிமுக்குச் செலவழிக்க முடியாத சிறு பட்டறைகளில், சாதாரணத் தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து எண்ணெய் தடவினால் அதுவே பாசிட்டிவ். டோனரின் கறுப்பு ஒளியைத் தடுக்கும், எண்ணெய் குடித்த வெள்ளை விடும். வெளிச்சம் காட்டும் நேரத்தை மட்டும் கூட்ட வேண்டும். மினி ஆஃப்செட் அச்சகங்கள் நோட்டீசுக்கும் பில் புத்தகத்துக்கும் டிரேசிங் பேப்பரிலேயே பிரிண்ட் எடுத்து பிளேட் போட்ட காலமும் உண்டு. எண்ணெய் தடவிய தாளை மறுபடி லேசர் பிரிண்டருக்குள் விடுவது மட்டும் கூடாது. டோனரை உருக்கும் உருளையின் சூட்டில் எண்ணெய் கசிந்து பிரிண்டரே வீணாகும்.

எண்ணெய்த் தாளில் பசை ஒட்டாது. ஃபெவிகால் தண்ணீர் கலந்த பசை, எண்ணெய் அதை உள்ளே விடாது. சிவகாசியின் லித்தோ, ஆஃப்செட் தொழிலே இந்த ஒட்டாமையின் மேல்தான் நிற்கிறது. 1920-களில் தீப்பெட்டி வந்தது. அதன் லேபிளுக்காக லித்தோ அச்சு வந்தது. லித்தோவில் கொழுப்பேறிய இடம் மையை வாங்கும், தண்ணீர் படிந்த இடம் மையைத் தள்ளும். எண்ணெய்த் தாளில் பசை ஒட்டாத சிக்கலுக்குக் கைவேலைக்காரர்கள் மூன்று வழி வைத்திருக்கிறார்கள். ஒட்ட வேண்டியதை எண்ணெய்க்கு முன்பே ஒட்டிக் காயவிடுவது. ஒட்டும் ஓரத்தில் எண்ணெய் படாமல் அரை அங்குலத்துக்கு மேல் விட்டுவிடுவது, ஏனென்றால் எண்ணெய் ஊர்ந்து வரும். அல்லது பசையே வேண்டாம் என்று தைப்பது, ஐலெட் அடிப்பது, நூல் கட்டுவது. அழைப்பிதழின் மேல் போர்த்த ரிப்பன் கட்டுவதே அழகு. ஆனால் காயாத எண்ணெய்த் தாளை நல்ல அட்டையின் மேல் வைத்தால் அட்டையிலும் எண்ணெய் ஏறும். அங்கே மெழுகுத் தாளோ காய்ந்த லின்சீட் தாளோதான் சரி.

ஆரி வேலைக்காரர்கள் தெளிந்த தாளில் பூவையும் கொடியையும் எடுத்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தி, துணியின் மேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பவுடரைப் பஞ்சால் தேய்ப்பார்கள். துளை வழியே படம் துணியில் புள்ளி புள்ளியாக இறங்கும். இதற்குக் கடை டிரேசிங் பேப்பரே மேல். எண்ணெய்த் தாளை வைத்தால் பிளவுசில் எண்ணெய்க் கறை விழும். பள்ளிக்கூடத்து நிழற்பாவைக்கோ எண்ணெய்த் தாள் பிரமாதம். சார்ட் பேப்பரில் உருவம் வரைந்து, கலர் பென்சிலால் வண்ணம் தீட்டி, வெட்டி, எண்ணெய் ஊட்டி, விளக்குமாற்றுக் குச்சியைக் கட்டினால், வேட்டித் திரையில் விழும் நிழல் வெறும் கறுப்பாக இல்லாமல் வண்ணத்தோடு விழும்.

செய்த தாளைப் புத்தகங்களுக்கு நடுவில் வைக்கக்கூடாது, பாலித்தீன் உறையில் தனியாக வைக்க வேண்டும். வாடை தட்டிய சமையல் எண்ணெய்த் தாளை மீட்க வழியில்லை. பழைய பேப்பர் கட்டோடு அதைப் போடுவதும் தவறு. மறுசுழற்சிக் கூழில் எண்ணெய் கலந்தால் புதுத் தாளில் கறைப் புள்ளிகள் விழும். தாவர எண்ணெய்த் தாளைக் கிழித்து மட்கும் குப்பையில் சேர்க்கலாம். கனிம எண்ணெயும் மெழுகும் ஊறிய தாளை மட்காத குப்பையோடு தனியாகக் கொடுத்துவிட வேண்டும்.